ஆறு வாரத்துக்குக் கட்டிய முட்டு

கோயில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும் என்று கேட்டார்கள். நான் இருபத்தாறு வருடம் சாரம் கட்டினவன். கிள்ளானில் ஐந்தாம் படிவம் முடிக்காமல் பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு இந்த நாட்டுக்கு வந்தவன். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம். அதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. இருந்தாலும் முருகனைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

எரிச்சலைக் கிளப்பிவிட்டவர் சிவராசா. யாழ்ப்பாணத்துக்காரர், என்னோடு வேலை செய்தவர். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் இருக்கிறார். தகனினியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. போன மாதம் வாசலில் வண்டியை நிறுத்தி, "அண்ணை, உங்கட பந்து மண்டபத்துக்குத்தான் போறன். வாறீங்களே?" என்றார். சும்மா இருக்கிறவனுக்கு என்ன வேலை, ஏறிவிட்டேன்.

மண்டபக் கதவைத் திறந்தார். ஆறு வாரத்துக்கு என்று சொல்லி, கூரையைத் தாங்க நான் கட்டிய முட்டு அப்படியே நிற்கிறது. புறா எச்சம் மட்டும் ஒரு அடுக்கு கூடியிருக்கிறது.

"இது நிண்டு எத்தனை வருசம் அண்ணை?"

"பதினாலு."

"உங்கட பேத்தியின்ர கலியாணத்துக்கும் நிக்கும் போல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேத்திக்கு இப்போது ஐந்து வயது.

அது என்ன கட்டடம் என்று சொல்லிவிடுகிறேன். நகரத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்னால் நிற்கிற டென்னிஸ் மண்டபம். தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற டென்னிஸ் இல்லை. பழைய காலத்து ராஜாக்கள் நான்கு சுவருக்குள் ஆடின டென்னிஸ். ரியல் டென்னிஸ் என்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பணக்காரர் ஆசைக்குக் கட்டியிருக்கிறார். அவர் போன பிறகு கம்பளி மூட்டை போட்டு வைத்தார்கள், அப்புறம் கார் நிறுத்தினார்கள், அப்புறம் பூட்டிவிட்டார்கள்.

உள்ளே போனால் கட்டத் தெரியாதவன் கட்டியது போல இருக்கும். மூன்று பக்கச் சுவரை ஒட்டி, வீட்டுக்குள் இன்னொரு தாழ்வாரம் மாதிரி, சாய்ந்த கூரை ஓடுகிறது. பந்தை அதன் மேல் உருட்டித்தான் ஆட்டத்தைத் தொடங்க வேண்டுமாம். ஒரு பக்கச் சுவர் நேராக வந்து திடீரென்று சரிவாக முன்னால் துருத்தும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, சுவர் தள்ளிக்கொண்டு வருகிறது, இதற்கும் முட்டு வேண்டும் என்று எங்கள் மேலாளர் அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற கமிட்டியின் தலைவி மிஸஸ் பெல் விழுந்து விழுந்து சிரித்தார். பந்து பட்டுத் திசை மாறுவதற்காக வேண்டுமென்றே அப்படிக் கட்டியதாம். விளையாட்டுத் தெரிந்தவர்களுக்குக் கட்டடம் தெரியாது, கட்டடம் தெரிந்த எங்களுக்கு விளையாட்டுத் தெரியாது. நடந்ததெல்லாம் இதனால்தான்.

கூரைதான் நோய். ஒன்பது மர உத்தரங்கள். சுவருக்குள் போகிற நுனிகள் மழைத் தண்ணீரில் உளுத்துப்போயிருந்தன. ஆறு வாரம் தாங்கிப் பிடியுங்கள், அதற்குள் மராமத்து தொடங்கிவிடும் என்றார்கள். சட்டப்படி, ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த சாரத்தை, அது முட்டானாலும், வாரம் ஒரு முறை சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெருங்காற்று அடித்தால் உடனே இன்னொரு முறை. ஆக, யாரும் ஆடாத மண்டபத்தில், யாரும் ஏறாத சாரத்தை, நான் பன்னிரண்டு வருடம் செவ்வாய்க்கிழமை தோறும் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

கமிட்டி அந்தக் காலத்தில் என்ன செய்தது என்று கேட்காதீர்கள். சுவருக்குக் கறுப்பு அடிப்பதா கரும்பச்சை அடிப்பதா என்று எட்டு மாதம் பேசினார்கள். ஒரு நிபுணர் வந்து தரையில் உள்ள கோடுகள் பழையவை என்றார். இன்னொருவர் வந்து இல்லை என்றார். வாங்கின அனுமதி அதற்குள் காலாவதி ஆகிவிட்டது. நம் ஊர்க் கோயில்களில் பாலாலயம் செய்து சாமியைச் சின்னக் கொட்டகைக்கு மாற்றிவிட்டுத் திருப்பணியை ஆரம்பிக்காமல் இருப்பார்களே, அந்தப் பாவம் இந்த நாட்டிலும் உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

மேலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சியோனே என்று பெயர், டோங்கா தீவுக்காரர். வாசற்படியில் குனிந்துதான் உள்ளே வருவார். அவர்கள் தேவாலயத்தில் மூப்பர், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமும் செய்வார். ஒடாஹுஹுவில் இருந்த எங்கள் கம்பெனி யார்டில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. நன்றாகச் செய்தாய் என்று சொல்லியும் யாரும் கேட்டதில்லை. முதல் இரண்டு வருடம் நான் குழாய்தான் சுமந்தேன். அப்புறம் லைசென்ஸ் பரீட்சை, எழுத்தில் இரண்டு முறை தோற்று மூன்றாவதில் தேறினேன். அதெல்லாம் பெரிய விஷயமில்லை. உண்மையான பரீட்சை சியோனே வைப்பதுதான்.

ஒரு சாரம் கட்டி முடித்தால் மற்ற மேலாளர்கள் ஏறிப் பார்ப்பார்கள், ஆட்டிப் பார்ப்பார்கள். சியோனே சாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கண்ணை மூடிக்கொள்வார்.

"மணி, பாரம் எங்கேருந்து எங்க போகுது? சொல்லு."

அவர் பேசின இங்கிலீஷை என் தமிழில் எழுதுகிறேன். நான் மேலேயிருந்து கீழே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கூரைத் தகட்டிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து உத்தரத்துக்கு, உத்தரத்திலிருந்து அதைத் தொட்டு நிற்கிற திருகான மேல் ஜாக்கிக்கு, ஜாக்கியிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து அடித்தட்டுக்கு, அடித்தட்டிலிருந்து பலகைக்கு, பலகையிலிருந்து தரைக்கு. ஒரு காலுக்குச் சொன்னால் போதாது. எல்லாக் காலுக்கும் சொல்ல வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால், கண்ணைத் திறக்காமலேயே, "அந்தரத்துல நிக்குது" என்பார். மறுபடி மேலேயிருந்து தொடங்க வேண்டும். மழையோ வெயிலோ, இது முடியாமல், ஏறலாம் என்கிற பச்சை டேக் மாட்ட விடமாட்டார். எனக்கு அது சில நாள் கோபமாக வரும். சகஸ்ரநாமம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுகிறோம் அல்லவா, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து கட்டி. நான் எந்தச் சாரத்துக்கும் முதல் கால் நிறுத்தும்போது அப்படி ஒரு துணி கட்டிவிடுவேன். என் மனைவி கல்யாணி முடிந்து கொடுப்பாள். வேலை முடிந்து சாரத்தைப் பிரிக்கும்போது அவிழ்த்து ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவேன். யாருக்கும் எதுவும் ஆகாமல் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். சியோனே பார்த்தும் பார்க்காதவர் போல இருப்பார். அந்த மண்டபத்திலும் கட்டினேன். வருடத்துக்கு ஒரு முறை தைப்பூசம் கழித்துப் புதுத் துணி மாற்றினேன்.

"என்னங்க, பந்தக்கால் நட்டு இத்தனை வருஷமாச்சு, பொண்ணையும் காணோம் மாப்பிள்ளையையும் காணோம்" என்பாள் கல்யாணி.

நாலாவது வருடமோ ஐந்தாவது வருடமோ, மிஸஸ் பெல் ஒரு செவ்வாய்க்கிழமை வந்திருந்தார். நல்ல மனுஷி. எப்போதும் கையில் ஒரு கோப்பு. அந்தத் துணியைத் தொட்டுப் பார்க்கப் போனார். தீட்டு, அது இது என்று விளக்க எனக்கு இங்கிலீஷ் போதாது. வேலையும் இருந்தது.

"அத மட்டும் தொடாதீங்கம்மா" என்றேன்.

"ஏன் மிஸ்டர் மணி?"

"எல்லாத்தையும் தாங்குறது அதுதான்."

நான் நினைத்தது முருகனை. அந்த அம்மா கோப்பைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை.

ஏழாவது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பேய்க்காற்று. சட்டப்படி மறுநாளே சோதிக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் போனேன். கதவு திறந்திருக்கிறது. வாசலில் ஒரு மேஜை, தேநீர்க் கெண்டி, சாண்ட்விச். மிஸஸ் பெல் நல்ல உடுப்பில் நிற்கிறார். பத்து மணிக்கு ஊர்க்காரர்கள் வந்து மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கிறார்களாம். இரண்டு பேர் ஆடிக் காட்டப் போகிறார்களாம். எங்கள் கம்பெனிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். நடுவில் வலை கட்டியிருந்தது. அந்தப் பக்கம் மூன்றாவது உத்தரத்துக்குக் கீழே வெறும் தரை. ஆட இடம் வேண்டும் என்று இரண்டு கால்களையும் கழற்றி, சுவரோரமாக வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். குழாய்களை இணைக்கிற கிளிப்புகளைக் கூட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அவ்வளவு ஒழுங்கு. வீட்டுப் பின்னால் சொந்தமாகக் கொட்டகை கட்டின அனுபவசாலி ஒருவர் கமிட்டியில் இருந்தாராம், அவர் வேலை. மேலே பார்த்தேன். உத்தரம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. சாய்ந்த கூரை மேல் புதுச் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. ஆறேழு பேர் அதற்குக் கீழே நின்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் வாயில் முருகா என்றுதான் வந்தது. சத்தம் போடாமல், கையைக் காட்டி ஒவ்வொருவராக வெளியே வரச் சொன்னேன். ஓடினால் தரை அதிரும் என்று பயம். கடைசி ஆள் வந்ததும் கதவைச் சாத்திப் பச்சை டேக்கைக் கழற்றிவிட்டுச் சிவப்பு மாட்டினேன்.

மிஸஸ் பெல்லுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நாப்பது பேர் வர்றாங்க மிஸ்டர் மணி. ஆறு மாசமா ஏற்பாடு பண்ணினோம்."

"யாரும் உள்ள போகக்கூடாதும்மா. யாரு இதக் கழட்டச் சொன்னது?"

"நாங்க உங்களத்தானே கேட்டோம். நீங்கதானே சொன்னீங்க." கோப்பைப் பிரித்து என் முன்னால் நீட்டினார். தேதி போட்டு அழகான கையெழுத்தில் இருந்தது. மஞ்சள் துணி கட்டிய கால் எல்லாவற்றையும் தாங்குகிறது, அதை மட்டும் தொடக்கூடாது, மிஸ்டர் மணி. "அத நாங்க தொடவே இல்லையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் காலைச் சுற்றி யாரும் இடிக்கக்கூடாது என்று ஒரு கயிறு வேறு கட்டி வைத்திருந்தார்கள்.

மழை தூற ஆரம்பித்தது. ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். குடை பிடித்துக்கொண்டு சாண்ட்விச் தின்றார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, ஐந்து நிமிடம்தான், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். நான் கதவில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன்.

நான் போன் செய்து அரை மணி நேரத்தில் சியோனே வந்தார். லாரியில் குழாயும் சிவராசாவும் இன்னும் இரண்டு பேரும். சியோனே ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். மண்டபத்துக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டார். மழை அவர் தலையில் வழிகிறது.

"சொல்லு."

"இப்பவா?"

"இப்பதான்."

சொன்னேன். பதினெட்டு முட்டுக்கும் சொன்னேன். மூன்றாவது உத்தரத்துக்கு வந்ததும், அதன் பாரம் இப்போது இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் பிரிந்து போகிறது, நாலாவதின் கிழக்கு நுனி ஏற்கெனவே மோசம் என்றேன். தலையசைத்தார்.

"வாசல் பக்கத்துல ஒரு கால் இருக்கே. துணி கட்டினது. அது?"

"அது எதையும் தாங்கல. முதல்ல நட்டது. மத்த கால் நேரா வர நூல் பிடிக்கிறதுக்கு. அப்புறம் ஏணி கட்டினோம். எடுத்தாலும் கூரைக்கு ஒண்ணும் ஆகாது."

"அந்த அம்மாகிட்ட என்ன சொன்னே?"

"எல்லாத்தையும் தாங்குறது அதுதான்னு."

சியோனே கண்ணைத் திறந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "நானும் ஞாயித்துக்கிழம அப்படித்தான் சொல்வேன். சனிக்கிழம சொல்லமாட்டேன்."

பக்கத்தில் நின்ற சிவராசா வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா என்னவோ.

பிறகு வேலை. இறங்கின உத்தரத்துக்கு நேர் கீழே யாரும் போகக்கூடாது. நல்ல பக்கத்திலிருந்து, நிற்கிற முட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டு ஒரு கட்டாக நீட்டிக்கொண்டே போக வேண்டும். முதலில் பலகை, அதன் மேல் அடித்தட்டு, அதன் மேல் குழாய், இரண்டு பக்கமும் குறுக்குக் கட்டு. கடைசியில் மேல் ஜாக்கி. அதைச் சுற்றும்போதுதான் உயிர் போகும். உத்தரத்தைத் தொட வேண்டும், தள்ளக்கூடாது. இறங்கினதை அன்றைக்கே தூக்கிவிடலாம் என்று ஆசைப்பட்டால் உளுத்த நுனி உடைந்துவிடும். சியோனே ஜாக்கிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொள்வார். காகிதம் இழுத்தால் வராது, கிழியவும் கிழியாது என்கிற இடத்தில், "போதும்" என்பார். இரண்டு காலுக்கும் நாலு மணி நேரம் ஆனது. நாற்பது பேரும் எப்போதோ போய்விட்டார்கள். மிஸஸ் பெல் மட்டும் தன் காரில் உட்கார்ந்திருந்தார்.

நான் அவரிடம் போனேன். "தப்பு என்னோடதும்மா. அது சாமிக்குக் கட்டினது. பாரம் தாங்குறத பத்தி நீங்க கேட்டிருந்தா நான் சரியா சொல்லியிருக்கணும்" என்றேன்.

"நான் அதத்தானே கேட்டேன்" என்றார்.

திரும்பி உள்ளே போய், அந்தத் துணியை அவிழ்த்தேன். வேலை முடியாமல், புதுத் துணி மாற்றாமல் அவிழ்த்தது அதுதான் முதல் தடவை. முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். சிவராசா பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கழட்டக்கூடாது எண்டெல்லோ சொல்லுவியள்?"

"ஓம்னு சொல்லிட்டுப் பேசாம இருங்க தம்பி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

வீட்டில் கல்யாணி துணியைப் பார்த்ததும், "வேலை முடிஞ்சிருச்சா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன ஏன் அவுத்தீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"சாமியச் சாட்சிக்குக் கூப்பிட்டுட்டுப் பொய் சொன்னா வேற என்னா நடக்கும்?"

"பொய் இல்ல கல்யாணி. நான் மனசாரத்தான் சொன்னேன்."

"உங்களுக்குப் பொய் இல்லங்க. அந்த அம்மாவுக்கு அது பொய்தானே."

துணியை வாங்கிச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாற்பது பேர். பத்து மணிக்கு. நான் அரை மணி பிந்திப் போயிருந்தால், காற்றடிக்காமல் இருந்திருந்தால், என்று போய்க்கொண்டே இருந்தது மனசு.

செவ்வாய்க்கிழமை வழக்கம் போல மண்டபத்துக்குப் போனேன். ஏழு வருடமாக எனக்கு ஒரு பழக்கம். கதவைத் திறந்ததும் அந்த முதல் காலில் கட்டிய துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அங்கிருந்து இடப் பக்கமாக ஆரம்பித்து ஒரு சுற்று வருவேன். அந்தத் துருத்திக்கொண்டிருக்கிற சுவர் மூலைக்கு வரும்போது கழுத்து வலிக்கும், கீழேயிருந்தே அண்ணாந்து பார்த்து டிக் போட்டுவிடுவேன். அன்றைக்குத் தொடுவதற்கு ஒன்றும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு நேராக அந்த மூலைக்கே போய் ஏறினேன்.

மேல் குறுக்குக் கட்டில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. கையாலேயே ஆட்ட முடிந்தது. நட்டின் மேல் புறா எச்சம் காய்ந்து கல்லாகப் படிந்திருந்தது. போன வெள்ளிக்கிழமைக் காற்றில் தளர்ந்தது இல்லை அது.

முறுக்கி இறுக்கினேன். இறங்கி வந்து பதிவேட்டைத் திறந்தேன். என்ன குறை என்று ஒரு கட்டம், என்ன செய்தாய் என்று ஒரு கட்டம், எப்போதிருந்து என்று ஒரு கட்டம். முதல் இரண்டையும் நிரப்பினேன். மூன்றாவதில் தெரியாது என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.